ஒரு காலுக்கு இரண்டு தரம்

எங்கள் சலவை ஆலையில் என்னை எல்லோரும் வக்கீல் என்பார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. பள்ளிப் படிப்பை ஒப்பேற்றியவன், அவ்வளவுதான். ஆனால் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் அதன் முன்னால் போய் நின்று, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "இதுல ஒரு சூட்சுமம் இருக்கு" என்று சொல்லத் தெரியும். அதற்கே பட்டம் கொடுத்துவிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை, மூலை என்கிற ஒருவனைப் பற்றி. ஆனால் அவன் கதையைச் சொன்னால் என் அசிங்கமும் கூடவே வரும். வரட்டும். ஒரு வருஷம் மூடி வைத்து நாறியது போதும்.

நாலைந்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் துணியும் எங்கள் ஆலைக்கு வருகின்றன. துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரமாகவே எங்களிடம் வரும். சூடான பெரிய உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். விரிப்பின் ஒரு மூலையை ஒருவன், மறுமூலையை இன்னொருவன் பிடித்து, விறைப்பாக இழுத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உருளைக்குள் விட வேண்டும். ஒருவன் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சுருக்கம் சுருக்கமாக வெளியே வரும். மறுபடி நனைக்க வேண்டியதுதான். சூப்பர்வைசரின் வாயிலிருந்து நல்வார்த்தைகள் வேறு.

இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பத்தொன்பது வருஷம். புதிதாக யார் வந்தாலும் அவன் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: "மூலையைப் பிடி. நடுவுல இருக்குறது தானா வரும்." அதனாலேயே மூலை என்று பேர் வந்துவிட்டது. அவன் மனைவிகூட ஆலைக்குப் போன் செய்தால் "மூலை இருக்காருங்களா?" என்றுதான் கேட்பாள்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஒரு வரியை முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் துணியைப் படிப்பதில் அவனை யாரும் அசைக்க முடியாது. கறையை முகர்ந்து பார்த்தே இது மருந்து, இது மை, இது குழந்தை வாந்தி என்பான். விரிப்புகளுக்குள் சுருண்டு வரும் சாமான்களை ஒன்றுவிடாமல் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பான். மோதிரம், ஒற்றைக் கம்மல், ஒரு தடவை யாருடையதோ பல்செட். அந்தப் பல்செட்டை வைத்துக்கொண்டு சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கும்வரை அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பாவம்பா, மனுஷன் மூணு நாளா கஞ்சிதான் குடிச்சிட்டு இருப்பாரு" என்று புலம்பினான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

குடியிருப்பில் யாராவது வீடு மாறினால் முதல் ஆளாகப் போய் நிற்பான். கட்டில், பீரோ, துணி துவைக்கும் மெஷின் எதுவானாலும் அவன் தோள்தான். கூலி கேட்க மாட்டான். ஒரு மனைவி, ஒரே மகள். மகள் ரத்தம், சிறுநீர் சோதிக்கும் லேப் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், இரண்டாவது வருஷம், அதுதான் கடைசி. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் ஏறும். "என் பொண்ணு ஊசி குத்தினா வலிக்காதாம், டீச்சரே சொன்னாங்க" என்பான்.

இந்த ஆளுக்கு உலகத்தில் நம்பத் தகுந்தவன் நான்தான். எப்பேர்ப்பட்ட நம்பிக்கை என்கிறீர்கள்! சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடத்துக் கடிதம், வீட்டுக்காரர் நோட்டீஸ் எல்லாம் மடித்துச் சட்டைப் பையில் வரும், நான் படித்துச் சொல்வேன். ஆலையில் எந்தப் படிவம் கொடுத்தாலும் நான் முதலில் நிரப்ப வேண்டும். என் தாளைப் பார்த்து அவன் நிரப்புவான். அவன் தாளைப் பார்த்துத் துண்டு மடிக்கும் பிரிவுப் பெண்கள், அவர்களைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்கள். பரீட்சையில் காப்பி அடித்தால் வெளியே அனுப்புவார்கள். எங்கள் ஆலையில் அதுதான் முறை. மொத்தம் இருபத்துமூன்று தாள், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் டிக். மேலே எழுதியிருக்கும் பெயர்தான் வேறு.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அப்படித்தான் ஒரு படிவம் வந்தது.

கம்பெனி எங்களுக்கு ஏற்கெனவே ஒரு இன்சூரன்ஸ் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லைக் கட்டிவிடும். இப்போது வந்தது கூடுதல் இன்சூரன்ஸ். விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம், சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள். மூன்று கட்டங்கள்: விபத்து, பெரிய நோய், வேலைக்கு வர முடியாத நாட்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேண்டும், வேண்டாம். பத்து நாள் அவகாசம். அதற்குப் பிறகு அடுத்த வருஷம்தான்.

விளக்கிச் சொல்ல இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். மூலையின் மகள் வயதுதான் இருக்கும். சாப்பாட்டு அறையில் எங்களை உட்கார வைத்து, மடித்து மடித்து வைத்த தாளைப் பிரித்து, திக்கித் திணறிப் பேச ஆரம்பித்தாள். கேட்டுத் தொலைத்திருக்கலாம். எனக்கோ வாய்க்கொழுப்பு. எழுந்து நின்றேன்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். ஒருத்தனுக்குக் கால் உடையுது. பில்லைக் கம்பெனி இன்சூரன்ஸ் கட்டிடுது. அதே காலுக்கு நீங்களும் காசு தருவீங்களா? ஒரு காலுக்கு ரெண்டு தரமா?"

"ஆமா சார், தருவோம். ஏன்னா இது பில்லுக்காக இல்ல..."

"அப்படியா! அப்ப மூணு இடத்துல போட்டு வச்சா மூணு கால் முளைக்குமா?"

அறை அதிர்ந்தது. மூலைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான், தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "வக்கீலுன்னா வக்கீலுதான்!" அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சிரிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. முகம் சிவந்து தாளை மடித்துக்கொண்டாள். நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்து, மூன்று கட்டத்திலும் 'வேண்டாம்' போட்டேன். பிறகு எல்லோருக்கும் வியாக்கியானம் வேறு: "ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு செல்லாது. காசை மட்டும் பிடிப்பான், கேக்கப் போனா அங்க வாங்கிட்டியேன்னு கையை விரிப்பான். தண்டம்." எங்கே படித்தேன் அதை? எங்கேயும் படிக்கவில்லை. என் மண்டையிலிருந்து வந்தது. படிவத்தின் பின்பக்கத்தைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை.

இருபத்துமூன்று தாள். இருபத்துமூன்றிலும் வேண்டாம்.

என் மனைவி ஒரு கிளினிக்கில் பில் போடுகிற ஜன்னலில் உட்காருகிறாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், சட்டையைத் துவைக்கப் போடும்போது, படிவத்தோடு கொடுத்திருந்த விளக்கத் தாளைப் பையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். பின்பக்கத்தையும் சேர்த்து.

"ஏங்க, இதுல சேந்துட்டீங்கதானே?"

"எதுக்கு? அதான் ஒண்ணு இருக்கே."

"அது ஆஸ்பத்திரிக்குப் போற காசுங்க. இது நம்ம கைக்கு வர்ற காசு. தினம் பாக்குறேன் நான். பில்லெல்லாம் கட்டியாச்சும்மான்னு சொன்னா, கால்ல கட்டோட நிக்கிற ஆளு ஒரு நிமிஷம் சிரிப்பான். அடுத்த நிமிஷம், இனிமே மூணு மாசம் வீட்டுக்கு என்ன பண்றதுன்னு பொண்டாட்டி முகத்தைப் பாப்பான். அதுக்குத்தான் இது. வாடகை குடுக்க, பஸ்ஸுக்கு, படிப்புக்கு. எதுக்கு வேணா செலவு பண்ணிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க."

"ஒண்ணு இருந்தா இன்னொண்ணு செல்லாதுன்னு சொல்றாங்களே."

"யாரு சொன்னா?"

"யாரோ. ஆலையில பேசிக்கிட்டாங்க."

"எந்த அறிவுகெட்டவன் சொன்னான்? இதோ, இங்க எழுதியிருக்கு பாருங்க. வேற இன்சூரன்ஸ் இருந்தாலும் முழுத் தொகையும் உண்டு. வேலை நேரத்துக்கு வெளியில அடிபட்டாலும் உண்டு."

கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தேன். சூட்சுமம் ஒன்றும் இல்லை. கொட்டை எழுத்தில்தான் இருந்தது. அந்தச் சின்னப் பெண் சொல்ல வந்தது இதைத்தான். அறிவுகெட்டவன் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள், கடைசி நாள், நாலு மணிக்குக் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். படிவங்களை வாங்கி வைக்கும் ஆபீஸ் அம்மா கட்டுக்குள்ளிருந்து என்னுடையதை உருவிக் கொடுத்தார். மூன்று 'வேண்டாம்'களையும் அடித்து, மூன்று 'வேண்டும்' போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

"மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க. அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"சொல்றேம்மா."

திரும்பி வந்து என் மூலையைப் பிடித்தேன். எதிரே அவன். நடுவில் ஒரு விரிப்பு அகலம், ஏழெட்டு அடி இருக்கும். ஒரு மணி நேரம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். 'மூலை, நான் சொன்னது தப்பு, போய் மாத்திட்டு வா.' அவ்வளவுதான். அதைச் சொன்னால் அவன் போய்த் துண்டுப் பிரிவில் சொல்வான், அங்கே சிரிப்பார்கள். மூணு கால் முளைக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். வக்கீல் பட்டம் வாசலோடு போய்விடும். இதையெல்லாம் கணக்குப் போட்டேன், பாவி. ஒரு தடவை வாயைத் திறந்தும்விட்டேன்.

"என்னப்பா?" என்றான்.

"மூலை கோணுது" என்றேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. குனிந்து தன் கையைப் பார்த்து, பிடியை மாற்றிக்கொண்டான். "இப்ப?" என்றான். "இப்ப சரி" என்றேன். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது.

வீட்டில் மனைவி கேட்டாள், "மூலை அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். பொய்யும் ஒரு படிவம் மாதிரிதான், ஒன்றில் டிக் போட்டால் அடுத்ததிலும் போட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மாசம் அவன் விழுந்தான்.

மேல் வீட்டுக்காரர்கள் காலி செய்தார்கள், இவன் வழக்கம்போலப் பீரோவுக்குத் தோள் கொடுத்திருக்கிறான். லிப்ட் வேலை செய்யவில்லை. படி திரும்புகிற இடத்தில் மேலே பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். பீரோவும் இவனும் எட்டுப் படி. முழங்கால் சில்லு உடைந்து, கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். பில்லை ஒரு பைசா பாக்கியில்லாமல் கம்பெனி இன்சூரன்ஸ் கட்டியது. கட்டாதா பின்னே, அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததே இல்லை.

செய்தி வந்த அன்றே ஆபீசுக்கு ஓடினேன். "அம்மா, மூலையோட படிவத்தை இப்ப மாத்த முடியாதா? தேதியைக் கொஞ்சம் முன்னால போட்டு..." ஆபீஸ் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார்.

"நீங்கதானே அன்னிக்கு நாலு மணிக்கு வந்து மாத்தினீங்க?"

"ஆமா."

"சொல்றேன்னு சொன்னீங்க."

நான் தரையைப் பார்த்தேன். மொசைக்கில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது, இன்றைக்குப் போனாலும் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டுவேன். அவர் அலமாரியைச் சாத்தினார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஒரு மாசம் கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். தனியாகப் போகத் தைரியமில்லை, இவள் இருந்தால் பேச்சு ஓடும் என்று பார்த்தேன். மூலை கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மகளின் புத்தகங்களை அடுக்கியிருந்த பலகையில் இப்போது மருந்துப் பாட்டில்கள். அவன் மனைவி எங்களுக்குப் பழச்சாறு கொண்டுவந்து வைத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

என் மனைவி ஆறுதலாகத்தான் கேட்டாள். "அந்த விபத்து இன்சூரன்ஸ் காசு வந்துடுச்சாக்கா? எலும்பு முறிவுக்கு நல்லாவே குடுப்பாங்களே."

"எந்த இன்சூரன்ஸும்மா?"

மூலை குறுக்கே விழுந்தான். "அட, அதான் அந்தக் கூடுதல் இன்சூரன்ஸு. வக்கீல் அன்னிக்கே சொல்லிட்டாரு, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு செல்லாதுன்னு. நல்லவேளை, நான் சேரல. இருக்கிற நெலமையில அதுவும் மாசாமாசம் தண்டமா போயிருக்கும்." என் பக்கம் திரும்பி, "நீ சொன்னதால பொழைச்சேன்பா" என்று கும்பிடாத குறையாகச் சொன்னான்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். அப்படியே கூனிக் குறுகிப் போனேன். அவள் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு எதையோ பேச ஆரம்பித்தாள்.

தெருவில் வந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் வரும்போது சொன்னாள்: "அந்த அறிவுகெட்டவன் நீங்கதான்னு அன்னிக்கே நெனச்சேன். சரி, தெரியாம சொல்லிட்டீங்கன்னு வச்சுக்கலாம். தெரிஞ்ச பிறகு நம்மளை மட்டும் காப்பாத்திக்கிட்டீங்களே, அதுதான் என்னால..." முடிக்கவில்லை. பிறகு, "நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சொன்னேனா? இல்லை.

ஆறு வாரத்துக்குத்தான் பாதிச் சம்பளம். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலையில் என் எதிரே, மூலை நின்ற இடத்தில், அவன் மகள் வந்து நின்றாள். அப்பாவின் மேலங்கியைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருந்தாள்.

"காலேஜ்ல ஒரு வருஷம் லீவு சொல்லிட்டேன் மாமா. அப்பா நடக்கிற வரைக்கும்தான். அப்பா சொன்னாரு, மாமா எதிர்ல இருக்காரு, பயப்படாம போன்னு."

எனக்கு அந்த உருளைக்குள் கையை விட்டுவிடலாம் போல இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். ஊசி குத்தினால் வலிக்காத கை அது. ஒரு வாரத்தில் விரல் நுனியெல்லாம் ஆவி பட்டுக் கொப்பளித்துவிட்டது. ஒவ்வொரு விரிப்புக்கும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்பாள், "மூலை சரியா இருக்கா மாமா?" சரியாக இருக்கிறது என்பேன். ஒரு நாளைக்கு நானூறு தடவை கேட்டாள், நானூறு தடவையும் எனக்குச் செருப்படி. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டுவாள். அவள் கூடப் படித்தவர்கள் அந்த வருஷம் முடித்து வேலைக்கே போய்விட்டார்கள்.

சொல்ல வேண்டும் என்று தினமும் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டு வாசல் வரைக்கும் போய், மணி அடிக்காமல் திரும்பியிருக்கிறேன். ஒரு தடவை உள்ளேயும் போனேன், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றும் ஆரம்பித்தேன். "இரு, முதல்ல இதைப் படிச்சுச் சொல்லு" என்று காலேஜிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் கொடுத்தான். இடத்தை ஒரு வருஷம்தான் வைத்திருப்போம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது? அப்படித்தான் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்குகள் எனக்குத் தட்டுப்பாடே இல்லாமல் கிடைத்தன.

விழுந்த எட்டாவது மாசம் மூலை கைத்தடியோடு வேலைக்கு வந்தான். முழங்கால் மடங்கவில்லை. நின்று உருளை வேலை பார்க்க முடியாது என்று, உருளைக்கு அந்தப்புறம் மடிக்கிற மேசையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே சம்பளம் குறைவு. காலேஜ் திறக்கிற வரைக்கும் மகள் என் எதிரேயே நின்றாள். நாங்கள் உள்ளே விடுகிற விரிப்பை அப்பா வெளியே வாங்கி மடித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த வருஷத்துப் படிவம் வந்தது.

சாப்பாட்டு அறை. ஆபீஸ் அம்மா பேர் பேராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை படிவம் கம்ப்யூட்டரில் அச்சானது. நான் வழக்கம்போல வாங்கினேன், வழக்கம்போல எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மூலை கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மகளும் பின்னால் நின்றாள்.

"எங்க, காட்டு. என்ன போடுற இந்தத் தடவை?"

நான் பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருந்தது. சென்ற ஆண்டு உங்கள் தேர்வு: வேண்டும். சென்ற ஆண்டு உங்கள் தேர்வு: வேண்டும். சென்ற ஆண்டு உங்கள் தேர்வு: வேண்டும்.

கையால் மறைக்கப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திவிட்டான். எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தான், உதடு அசைய. "செ... சென்ற... ஆண்டு..." அவன் இப்படிப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் பொறுமையில்லாமல் பிடுங்கிப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பிடுங்கவில்லை. மூன்று வரியையும் படித்து முடித்தான். பிறகு தன் தாளை எடுத்து வைத்துப் பார்த்தான். அதில் மூன்று இடத்திலும் வேண்டாம்.

"அச்சுப் பிழையா?" என்றான். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தான், அந்த நிலையிலும்.

"இல்ல."

"எப்ப மாத்தின?"

"கடைசி நாள்."

"நேரம்?"

"நாலு மணி."

யோசித்தான். "நீ கக்கூஸுக்குப் போறேன்னு போயிட்டு வந்த. வந்து ஏதோ சொல்ல வந்த. நான் என்னன்னு கேட்டேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"மூலை கோணுதுன்னு சொன்ன."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை பேர் நடுவில். "மன்னிச்சுடு" என்றேன். அவன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"எந்திரி" என்றான். "அன்னிக்கு எந்திரிச்சு நின்னுதானே கேட்ட. இப்பவும் எந்திரிச்சுச் சொல்லு. எல்லாரும் பேனாவோட ஒக்காந்திருக்காங்க."

எழுந்தேன். வக்கீல் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறான் என்று இரண்டு பேர் முன்கூட்டியே சிரித்தார்கள்.

"போன வருஷம் நான் சொன்னது தப்பு. ஒண்ணு இருந்தாலும் இன்னொண்ணு செல்லும். அது ஆஸ்பத்திரிக்கு, இது நம்ம கைக்கு. எனக்கு அப்ப வெவரம் தெரியல, தப்பா சொல்லிட்டேன்..."

மூலை கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"முழுசா சொல்லு."

முழுசாகச் சொன்னேன். "தப்புன்னு கடைசி நாளைக்கு முன்னாடியே தெரியும். நான் மட்டும் போய் மாத்திக்கிட்டேன். ஒரு மணி நேரம் இருந்துச்சு. நீங்க சிரிப்பீங்கன்னு யாருக்கும் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. துண்டுப் பிரிவு அக்கா ஒருத்தி மூலையின் காலைப் பார்த்தாள், பிறகு அவன் மகளைப் பார்த்தாள், பிறகு தன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருவராகத் திருப்பினார்கள். தெரியாததை ஆபீஸ் அம்மாவிடம் போய்க் கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. மூலையும் தன் தாளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினான். மகள் உதவப் போனாள், வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவன் முடிப்பதற்குள் இடைவேளை முடிந்து சங்கு ஊதிவிட்டது. ஊதட்டும் என்று உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

உருளைக்கு வந்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன் மகள், மடிக்கிற மேசையில் அவன். முதல் விரிப்பைக் கொடுத்தோம். மகள் "சரியா இருக்கா மாமா?" என்று கேட்கவில்லை. இரண்டாவதுக்கும் கேட்கவில்லை. நாலைந்து விரிப்பு போயிருக்கும். உருளைச் சத்தத்துக்கு மேல் மூலை கத்தினான்.

"யோவ்! அப்ப அன்னிக்கு என் மூலை கோணலையா?"

"கோணல" என்றேன்.

"கேக்கல!"

"கோணல! என்னிக்குமே கோணல!" தொண்டை கிழியக் கத்தினேன். ஆலையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கையிலிருந்த விரிப்பை மேசையில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தான். "ஒரு வருஷமா யோசிச்சேன்யா" என்றான், யாருக்கென்று இல்லாமல். "படுக்கையில கெடக்கும்போதுகூட அதைத்தான் யோசிச்சேன். எங்க தப்பு விட்டேன்னு."

அவன் மகள் அடுத்த விரிப்பின் மூலையைப் பிடித்து விறைப்பாக இழுத்தாள். நானும் என் மூலையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.